உறுமுகிற நாயை அடித்துத் திருத்த முடியுமா?

கேள்வி:

டாக்டர், எங்கள் வீட்டில் ஒன்றரை வயது ராஜபாளையம் ஆண் நாய் இருக்கிறது. வீரா என்று பெயர். குட்டியாக வந்தபோது நன்றாகத்தான் இருந்தான். கொஞ்ச காலமாகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் யார் போனாலும் உறுமுகிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் மேல் தாவுகிறான். ஒரு பயிற்சியாளரை வரவழைத்தோம். இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சோக் செயின் மாட்டி, உறுமும்போதெல்லாம் சுண்டி இழுக்கச் சொன்னார். சாப்பிடும்போது தட்டை அடிக்கடி பிடுங்கவேண்டும், எதிர்த்தால் மல்லாக்கப் புரட்டி அமுக்கிப் பிடிக்கவேண்டும், யார் தலைவர் என்று நாய்க்குத் தெரியவேண்டும் என்றார். இரண்டு வாரம் உறுமலே இல்லை. போன வாரம் என் கணவர் தட்டை எடுக்கக் குனிந்தபோது சத்தமே இல்லாமல் கையைக் கடித்துவிட்டான். இரண்டு பல் பதிந்துவிட்டது. எங்களுக்கு ஏழு வயதில் மகள் இருக்கிறாள். கணவர், தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார். மாமனார், 'அடியாத மாடு படியாது, இன்னும் நாலு போடு' என்கிறார். யூடியூபில் கறித்துண்டு கொடுத்தே பழக்கலாம் என்கிறார்கள். அது லஞ்சம் கொடுத்துக் கெடுப்பது ஆகாதா? எதைக் கேட்பது?

— வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் கை. வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். நாய்க்கடி என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போகவேண்டும். அவர் போட்டுக்கொண்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால், நாள் தள்ளிப்போய்விட்டதே என்று தயங்காமல் இன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகச் சொல்லுங்கள். முதல் ஊசியோடு நிறுத்தாமல் அவர்கள் சொல்கிற தேதிகளில் மீதியையும் போட்டு முடிக்கவேண்டும். வீராவின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அவன் சாப்பாடும் நடையும் குரலும் வழக்கம்போல இருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

இனி வீராவுக்கு வருகிறேன். சோக் செயினைக் கழற்றிவிடுங்கள். தட்டைப் பிடுங்குவது, புரட்டிப் போடுவது, அடிப்பது எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். பாவம் பார்த்து மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் மகள் இருக்கிற வீட்டில் அவை ஆபத்தானவை.

'சத்தமே இல்லாமல் கடித்துவிட்டான்' என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். நாய் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. தட்டுப் பக்கம் ஆள் வரும்போது முதலில் மெல்லுவதை நிறுத்தும். முதுகும் கழுத்தும் விறைக்கும். தலை தட்டுக்குள்ளேயே இருக்க, கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பும். ஓரத்தில் வெள்ளை விழி தெரியும். சில நாய்கள் அவசர அவசரமாக விழுங்க ஆரம்பிக்கும். இதை யாரும் கவனிக்கவில்லை என்றால்தான் உறுமும். அதற்கும் ஆள் விலகவில்லை என்றால் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும், காற்றில் கவ்வும். கடி கடைசியில்தான் வரும். உறுமுகிற நாய் உங்களை மிரட்டி ஆளப் பார்க்கவில்லை. கடிக்காமல் தப்பிக்கத் தனக்குத் தெரிந்த வழியைப் பார்க்கிறது.

சோக் செயின் எதை மாற்றியது என்று யோசித்துப் பாருங்கள். உறுமியபோதெல்லாம் கழுத்து இறுகியது, அதனால் உறுமக் கூடாது என்று வீரா கற்றுக்கொண்டான். தட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் போகவில்லை. போவதற்கு ஒரு காரணமும் இல்லை, ஏனென்றால் நீங்கள் நிஜமாகவே பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். போதாக்குறைக்கு வலியும், மல்லாக்கப் போட்டு அமுக்குவதும் சேர்ந்துகொண்டன. உறுமல் இல்லாத அந்த இரண்டு வாரத்தில் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பீர்கள். ஆனால் உள்ளே பயம் கூடிக்கொண்டே போயிருக்கிறது, வெளியே எச்சரிக்கை மட்டும் நின்றுவிட்டது. உங்கள் கணவருக்கு முன்னறிவிப்பு கிடைக்காமல் போனதற்கு இதுதான் காரணம். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆள் சொன்னதை நம்பிச் செய்திருக்கிறார்.

இது வீராவுக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கூட்டி வந்த 140 பேரிடம், அதற்கு முன்பு என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டு 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது அல்லது கடிக்க வந்திருக்கிறது. வாயில் இருந்ததைப் பலவந்தமாகப் பிடுங்கியவர்களில் 39 சதவீதம். மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 31 சதவீதம். ஏற்கெனவே சிக்கல் உள்ள நாய்கள்தான் அவை. ஆனால் வீராவும் இப்போது அந்த வரிசையில்தான் இருக்கிறான்.

'யார் தலைவர்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதை விட்டுவிடுவது சுலபம். 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில், ஓர் அடைப்புக்குள் ஒன்றாகப் போட்டு வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதினார். அவை ஓயாமல் சண்டை போட்டன. ஜெயித்தது தலைமை ஓநாய் என்று பெயரானது. அதை வைத்து நாய்க்கும் வீட்டில் 'தலைவர்' வேண்டும் என்று பலர் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு டேவிட் மெக் என்ற விஞ்ஞானி கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடை தோறும் கூடவே இருந்து கவனித்து 1999-ல் எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, குட்டிகள், அதிகாரச் சண்டை போட்டு யாரும் அங்கே பட்டம் கட்டிக்கொள்வதில்லை. தலைமை ஓநாய் என்ற கருத்து பரவத் தன் பழைய புத்தகமும் ஒரு காரணம் என்பதால், அதை அவரே முன்வந்து திருத்தினார். ஓநாய்க்கே பொருந்தாத கணக்கை வைத்துக்கொண்டு வீராவை மல்லாக்கப் போட்டிருக்கிறீர்கள்.

அப்படியானால் அடி வேலையே செய்யாதா? செய்யும், அந்த நிமிடத்துக்கு. அதனால்தான் இத்தனை பேர் அதை நம்புகிறார்கள். நாய் குரைக்கிறது, ஓங்கி ஒன்று வைக்கிறோம், சட்டென்று நிற்கிறது. அடித்தவருக்கு உடனே பலன் கிடைத்துவிடுகிறது. நாளைக்கு அது திரும்பக் குரைத்தால் கை தானாக மேலே போகிறது, கொஞ்சம் பலமாகவே போகிறது. இதில் நாயைவிட மனிதர்தான் சீக்கிரம் பழகிப்போகிறார். நாய்க்கு என்ன செய்யக் கூடாது என்பது அரைகுறையாகத் தெரிகிறது. என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடி எதற்காக விழுந்தது என்பதும் அதற்குப் புரிவதில்லை. ஒரு செயலும் அதன் பலனும் ஓரிரு நொடிக்குள் அடுத்தடுத்து வந்தால்தான் நாய் அவற்றை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். காலையில் செருப்பைக் கடித்ததற்கு மாலையில் அடித்தால், மாலையில் வீட்டுக்குள் வருகிற மனிதர்தான் ஆபத்து என்று கற்றுக்கொள்ளும். 'தப்பு செய்தது அதுக்கே தெரியும் டாக்டர், முகத்தைப் பாருங்க' என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தைத் தின்ற நாயும், தின்னவே செய்யாத நாயும், எஜமானர் திட்டியபோது ஒரே மாதிரி தலையைத் தாழ்த்தின, கண்ணைத் திருப்பின. நாம் குற்ற உணர்ச்சி என்று படிக்கிற முகம் நம் கோபத்துக்கு அது தருகிற பதில், அவ்வளவுதான்.

உங்கள் மாமனாரின் பேச்சைத் தட்டிக் கழிக்கவேண்டாம். அவர் பார்த்து வளர்ந்த நாய்களுக்கு அடி விழுந்திருக்கும், அவை கடிக்காமலும் இருந்திருக்கும். ஆனால் அந்த நாய்கள் அவிழ்த்துவிட்டுக் கிடந்தவை. கம்பைத் தூக்கினால் களத்துப் பக்கம் ஓடிவிடும், கோபம் ஆறியபிறகு வாலைக் குழைத்துக்கொண்டு வரும். வீராவுக்கு ஓட இடமில்லை. கழுத்தில் சங்கிலி, பின்னால் சுவர், கீழே வழுக்கும் டைல்ஸ். ஓட வழியில்லாத நாய்க்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி பல். பெரியவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியும் என்று நினைக்கிறேன். கீழே சொல்கிற பயிற்சியில் அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

அடுத்தது, லஞ்சம் என்ற சந்தேகம். கறித்துண்டை முதலிலேயே மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டி, 'உட்கார், தருகிறேன்' என்று கெஞ்சினால் அது லஞ்சம்தான். அப்படிப் பழக்கினால் கையில் ஒன்றும் இல்லாத நாளில் நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. பயிற்சியில் வரிசை வேறு. கை காலியாக இருக்கவேண்டும். 'உட்கார்' என்று ஒரே தடவை சொல்கிறீர்கள். உட்கார்ந்த நொடியில் 'சபாஷ்' என்கிறீர்கள், பிறகுதான் இடுப்புப் பையிலிருந்து துண்டு வருகிறது. நன்றாகப் படிந்தபிறகு சில தடவை துண்டு, சில தடவை தடவல், சில தடவை பந்து என்று மாற்றிக்கொள்ளலாம். வெடிகுண்டைத் தேடிக் கண்டுபிடிக்கிற மோப்ப நாய்கூட, கண்டுபிடித்தால் கிடைக்கப்போகிற பந்துக்காகத்தான் அவ்வளவு உற்சாகமாகத் தேடுகிறது.

பரிசு கொடுத்துப் பழக்குவது என்றால் நாய் இஷ்டத்துக்கு ஆட விட்டுவிடுவது என்றும் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. தாவினால் கவனிப்பு நின்றுபோகும், இழுத்தால் நடை நின்றுபோகும், கத்தினால் கதவு திறக்காது. கண்டிப்பு இருக்கிறது, வலியும் பயமும்தான் இல்லை. போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்து நடந்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளுக்குப் போன நாய்களின் எச்சிலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் பயிற்சிக்குப் பிறகு கூடியிருந்தது, பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களில் கூடவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், கூப்பிட்டால் வராத நாய்களுக்குக்கூட ஷாக் கொடுக்கும் பெல்ட்டால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. அந்த பெல்ட்டை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது. இங்கே அதை ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தயவுசெய்து வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்வது?

பயிற்சிக்கு முன்னால் பரிசோதனை. நன்றாக இருந்த நாய் திடீரென்று உறும ஆரம்பித்தால் எங்காவது வலிக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். காதில் சீழ், உடைந்த பல், காலிடுக்கில் உண்ணிப் புண், இடுப்பு மூட்டு வலி என்று எதுவாகவும் இருக்கலாம். சோக் செயின் போட்ட இடத்தில் முடி உதிர்ந்திருக்கிறதா, விழுங்கும்போது இருமுகிறானா என்றும் மருத்துவர் பார்க்கட்டும். இன்னொன்று, வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு தெரிந்துவிடும். காது கேட்காத நாய்க்கு ஆள் வருவதே கிட்டே வந்தபிறகுதான் தெரியும். சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று அடி வாங்குகிற நாய்களில் அப்படிப்பட்டவையும் இருக்கின்றன.

இன்றிலிருந்து வீராவுக்குத் தனி அறையிலோ கேட்டுக்குப் பின்னாலோ சாப்பாடு. தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். முடித்து வெளியே வந்தபிறகு, அவன் வேறு இடத்தில் இருக்கும்போது தட்டை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அவளுக்கு இந்தப் பயிற்சியில் எந்தப் பங்கும் வேண்டாம், அவன் எவ்வளவு திருந்தினாலும் வேண்டாம். அவளும் வீராவும் பெரியவர் துணையில்லாமல் ஓர் அறையில் இருக்கவும் கூடாது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே அடுத்த கடிக்கான வாய்ப்பு பெருமளவு குறையும். சிலருக்கு இதுவே போதும், பயிற்சிக்குக்கூடப் போகவேண்டியதில்லை. சாப்பிடும்போது தொந்தரவு வேண்டாம் என்று ஒரு ஜீவன் நினைப்பது பெரிய குற்றமில்லை.

காயம் ஆறி, ஒரு வாரம் எல்லோரும் அமைதியானபிறகு பயிற்சியைத் தொடங்கலாம். கோழிக்கறியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து எலும்பு நீக்கிப் பொட்டுக்கடலை அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவித்த முட்டையும் ஆகும். பிஸ்கட் வேண்டாம், திராட்சையும் சாக்லேட்டும் வெங்காயமும் நாய்க்கு விஷம். தட்டில் வெறும் சோறோ தீவனமோ இருக்கட்டும், கையில் அதைவிட ருசியான பண்டம் இருக்கவேண்டும். வீராவை நீளமான கயிற்றில் கட்டிவிட்டு, அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காத தூரத்தில், பத்தடியோ பன்னிரண்டடியோ, நில்லுங்கள். ஒரு துண்டைத் தட்டுப் பக்கமாக வீசிவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். வீசிவிட்டு அங்கேயே நிற்கக் கூடாது. விலகிப் போவதும் பரிசில் சேர்த்திதான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாலைந்து தடவை போதும். இந்த வேலைக்கு உங்கள் மாமனார் பொருத்தமான ஆள், ஏனென்றால் இதற்குப் பொறுமைதான் வேண்டும்.

சில நாளில் உங்களைப் பார்த்ததும் அவன் தலையைத் தூக்குவான். உடம்பு தளர்வாக, வால் மெதுவாக ஆட, 'வந்துட்டாங்களா, கறி எங்கே' என்று பார்ப்பான். அந்தப் பார்வை வந்தபிறகுதான் ஓரடி கிட்டே வரலாம். மெல்லுவதை நிறுத்தினாலோ விறைத்தாலோ நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். திட்டாமல் இரண்டடி பின்னால் போய் அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள். உறுமினால் சந்தோஷப்படுங்கள் என்றே சொல்வேன். போன எச்சரிக்கை திரும்பி வந்திருக்கிறது, விலகிக்கொள்ளலாம். சில வீடுகளில் சில வாரம் பிடிக்கும், சில வீடுகளில் மாதக்கணக்கில். தட்டைத் தொடுகிற கட்டத்துக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் நடந்து போனால் அவன் நிதானமாக மென்றுகொண்டிருந்தால் போதும்.

செருப்பு, துணி எதையாவது கவ்விக்கொண்டால் துரத்தாமல், பிடுங்காமல், பண்டமாற்று செய்யுங்கள். ஒரு துண்டைத் தள்ளிப் போட்டு 'விடு' என்று சொல்லி, அவன் விட்டுவிட்டு அதைத் தின்னப் போனபிறகு பொருளை எடுங்கள். ஆபத்தில்லாத பொருள் என்றால் அவனிடமே திருப்பிக் கொடுங்கள். விட்டுக்கொடுத்தால் நஷ்டமில்லை என்பது இப்படித்தான் அவனுக்குப் படியும்.

விருந்தாளி மேல் தாவுவது சின்ன விஷயம். வருகிறவர் அசையாமல் நிற்கட்டும். நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் பேசட்டும். அதுவரை வீரா கயிற்றில் இருக்கட்டும். நடைக்குக் கூட்டிப் போகும்போது கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சைச் சுற்றிப் போடுகிற பாடி பெல்ட் போடுங்கள். கழுத்துப் பட்டை இறுகினால் கண்ணுக்குள் அழுத்தம்கூட ஏறுகிறது. அப்புறம், ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த ஜாதி. நாள் முழுக்கக் கட்டிப் போட்டால் எந்தப் பயிற்சியும் அவனிடம் நிற்காது. காலையும் மாலையும் வெயிலுக்கு முன்னும் பின்னுமாக நன்றாக நடக்க விடுங்கள்.

தோட்டத்தில் விடுவது பற்றி உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். எச்சரிக்காமல் கடிக்கப் பழகிய நாயை அங்கே விட்டால், அங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஆபத்தை மாற்றிவிடுகிறோம், அவ்வளவுதான். சோறு தண்ணீருக்கு வழியில்லாமல் விட்டுவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. உங்களால் முடியவே முடியாது என்ற நிலை வந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். குழந்தை இல்லாத, நாய் பழக்கம் உள்ள வீட்டை, நடந்ததை மறைக்காமல் சொல்லித் தேடலாம். இப்போதைக்கு அந்த நிலை வரவில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு பயிற்சியாளரை வைத்துக்கொள்வதில் தப்பில்லை. நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு சங்கிலி, கம்பு, ஷாக், 'பிடித்து அமுக்குவேன்' என்று பதில் வந்தால் அனுப்பிவிடுங்கள். நாயைத் தன்னிடம் ஒரு மாதம் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறவர், நீங்கள் கூட இருந்து பார்க்கச் சம்மதிக்காதவர் என்றாலும் அனுப்பிவிடுங்கள்.

கூடை மாதிரியான வாய்க்கூடு ஒன்று வாங்கி, அதற்குள் கறித்துண்டைத் தடவி, அவனாகவே மூக்கை நுழைக்கும்படி இப்போதே பழக்கி வையுங்கள். வாயை இறுகக் கட்டுகிற துணி வாய்க்கூடு வேண்டாம். நம் ஊர் வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாமல் நாய் மயங்கிவிடும். வீரா மறுபடி கடித்தாலோ, மகளைப் பார்த்து ஒரு தடவை விறைத்து நின்றாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு, வாய்க்கூடு போட்டு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள். அவன் சாப்பிடுவதைத் தூரத்திலிருந்து போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோனால், மருத்துவர் அவன் உடம்பு எந்த இடத்தில் விறைக்கிறது என்று பார்த்து, எத்தனை அடியில் தொடங்கவேண்டும் என்று சொல்ல முடியும்.